முதல் ரவுண்டிலேயே தோற்றவர் அடுத்த வாரம் வருவாரா?

போன இதழில் கல்லூரி ஈ-ஸ்போர்ட்ஸ், அதாவது வீடியோ கேம் போட்டிகள் பற்றி நாலு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன், பாதிப் பேர் பெயர் வேண்டாம் என்றதால் யார் பெயரையும் போடவில்லை. பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று ஒருவர் கேட்டிருந்தார். படிக்கிற காலத்தில் கேமிங் கிளப்பும் டோர்னமென்டும் நடத்தும் வேலையை நாலு வருஷம் செய்திருக்கிறேன், செய்யக்கூடிய தப்பையெல்லாம் செய்து முடித்திருக்கிறேன். அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் வகுப்பில் ஐந்தாறு பேர் வெறித்தனமாக விளையாடுகிறோம். முதலில் பிரமாண்டமாக ஒரு டோர்னமென்ட் வைத்து, அதற்கு வருகிறவர்களை வைத்து கேமிங் கிளப் தொடங்கலாம் என்பது பிளான். சரிவருமா அண்ணா?
– இரண்டாமாண்டு மாணவர்

சரிவராது தம்பி. நானே அப்படித்தான் ஆரம்பித்தேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். மூன்று மாதம் ராப்பகலாக அலைந்து, சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டி, ஒரு டோர்னமென்ட் வைத்தோம். கூட்டமும் வந்தது. ஜெயித்தவர்கள் பரிசை வாங்கிக்கொண்டு போனார்கள், தோற்றவர்கள் அதற்கு முன்பே போயிருந்தார்கள், நாங்கள் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் கிளப் மீட்டிங் என்று அறிவித்தால், வந்தது ஒயர் சுருட்டிய அதே ஆறு பேர்.

தலைகீழாகச் செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம். ஆறு பேர் வந்தாலும் நடத்துங்கள், நாலு பேர் வந்தாலும் நடத்துங்கள், தேர்வு வாரத்தில் மட்டும் லீவு விடுங்கள். "இந்த வாரம் உண்டா?" என்று யாரும் மெசேஜ் போட்டுக் கேட்கத் தேவையில்லாத நிலை வரவேண்டும், அதற்கு எப்படியும் இரண்டு மாதமாகும். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் சர்வர் திறந்து இருபது சேனல் போட்டுவிட்டால் கம்யூனிட்டி வந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. மூன்று சேனல் போதும்: அறிவிப்பு, பொது அரட்டை, "இப்போ யார் விளையாட வர்றீங்க?". ஆளில்லாத சேனல் பூட்டிக் கிடக்கும் வீடு மாதிரி, புதிதாக வருகிறவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

பெரிதாக வளர்ந்தவையெல்லாம் சின்னதாகத்தான் ஆரம்பித்திருக்கின்றன. இன்று ஃபைட்டிங் கேம்களின் மிகப்பெரிய திருவிழாவான ஈவோ, 1996-ல் கலிஃபோர்னியாவில் 'பேட்டில் பை தி பே' என்ற பெயரில் சுமார் 40 பேரோடு தொடங்கியது. ஸ்வீடனின் ட்ரீம்ஹாக், மாலுங் என்ற சின்ன ஊரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் நண்பர்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து கூடியதில் பிறந்தது. இன்னும் பின்னால் போனால், 1972 அக்டோபர் 19-ல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் 'ஸ்பேஸ்வார்' கேமுக்கு ஒரு போட்டி நடந்தது. பரிசு, ஒரு பத்திரிகைக்கு ஓராண்டுச் சந்தா. (எங்கள் ஆசிரியர் கவனிக்க.)

கேள்வி: எந்த கேமை எடுப்பது? குழுவில் இதற்கே தினமும் சண்டை.
– பல கடிதங்கள்

உங்களுக்குப் பிடித்ததை எடுக்காதீர்கள். உங்கள் கல்லூரியில் ஏற்கெனவே எதை அதிகம் பேர் விளையாடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணுவது என்றால் உண்மையிலேயே ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணுவது. இன்ஸ்டாகிராமில் ஓட்டெடுப்பு வைத்தால் வராதவர்களும் ஓட்டுப் போடுவார்கள்.

அப்புறம் கேமின் கணக்கு. ஃபைட்டிங் கேம் என்றால் இரண்டு பேர், ஒரு கன்சோல், ஒரு மானிட்டர், கால் மணி நேரத்தில் ஒரு செட் (சில ஆட்டங்கள் சேர்ந்த ஒரு மோதல்) முடிந்துவிடும். கால்பந்து கேமும் கிட்டத்தட்ட அப்படியே, பார்க்கிறவர்களுக்கு விதி சொல்லித் தரவும் வேண்டாம். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக், டோட்டா மாதிரி ஐவர் அணி கேம் என்றால் ஒரே மேட்சுக்குப் பத்து மெஷின், பத்து ஹெட்செட், முக்கால் மணி நேரம். ஒரு டீமில் ஒருவர் வரவில்லை என்றால் மீதி நாலு பேரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். எல்லோரிடமும் போன் இருப்பதால் மொபைல் கேம்தான் சுலபம் என்று தோன்றும், அதன் தலைவலி வைஃபை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் ஓட்டு: வாராந்தரக் கூட்டத்துக்கு இருவர் ஆடும் கேம், பருவத்துக்கு ஒருமுறை அணி கேம்.

கேள்வி: "கேம் விளையாட லேப் தரமுடியாது" என்று துறைத் தலைவர் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பது?
– மூன்றாமாண்டு மாணவி

அவரிடம் ஈ-ஸ்போர்ட்ஸின் எதிர்காலம் பற்றிப் பேசப் போயிருப்பீர்கள், சரியா? அவருக்கு அந்தக் கவலையே இருக்காது. மெஷின் உடைந்தால் யார் பொறுப்பு, சாவி யாரிடம் இருக்கும், எத்தனை மணிக்கு அறையைப் பூட்டுவீர்கள், ராத்திரி ஏதாவது தகராறு என்றால் தன்னை யார் கூப்பிடுவார்கள், இதுதான் அவர் கவலை. கடிதம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பக்கத்தில் இந்த நாலுக்கும் பதில் இருக்கட்டும். பொறுப்பேற்கும் இரண்டு மாணவர்களின் பெயர், கூடவே இருக்கச் சம்மதித்த ஓர் ஆசிரியரின் பெயர், ஆரம்பிக்கும் நேரம், முடிக்கும் நேரம், கேமின் வயதுத் தரச்சான்று. முழுப் பருவத்துக்கும் கேட்காதீர்கள். ஒரே ஒரு மாலை, மூன்று மணி நேரம் கேளுங்கள். அன்றைக்கு அறையை வாங்கியதைவிடச் சுத்தமாகத் திருப்பிக் கொடுங்கள், நாற்காலி வரிசை முதற்கொண்டு. முன்னும் பின்னும் போட்டோ எடுத்து அனுப்பிவையுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது கடிதமே தேவைப்படாது.

மேலே யாராவது "இதெல்லாம் எந்தக் காலேஜில் நடக்கிறது?" என்று கேட்டால் சொல்ல இரண்டு மூன்று விஷயம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2009-ல் பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. மாணவர்கள் ஸ்டார்கிராஃப்டில் மோதியதிலிருந்துதான் காலேஜியேட் ஸ்டார்லீக் என்ற கல்லூரிப் போட்டித் தொடர் பிறந்தது. 2014-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆடுகிறவர்களுக்கு உதவித்தொகையே கொடுக்க ஆரம்பித்தது. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கமே உண்டு. இதை முதல் வரியில் எழுதாதீர்கள், கேட்டால் மட்டும் சொல்லுங்கள். பிரசங்கம் செய்தால் அனுமதி கிடைக்காது.

கேள்வி: லேப் கிடைத்துவிட்டது! இருபது மெஷின். டோர்னமென்ட் அன்று காலையில் போய் கேமை இன்ஸ்டால் செய்தால் போதும்தானே?
– இறுதியாண்டு மாணவர்

ஐயோ, வேண்டாம். குறைந்தது ஒரு வாரம் முன்னால் போங்கள்.

நிறைய கல்லூரி லேப்களில், மெஷினை ரீஸ்டார்ட் செய்ததும் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிற சாஃப்ட்வேர் போட்டு வைத்திருப்பார்கள். மாணவர்கள் எதைப் போட்டுக் கெடுத்தாலும் மறுநாள் காலையில் சுத்தமாக இருக்கும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேலரன்டுடன் வரும் வேன்கார்ட் மாதிரி ஆன்டி-சீட் (கள்ள ஆட்டத்தைத் தடுக்கும் சாஃப்ட்வேர்), இன்ஸ்டால் செய்தபின் ஒருமுறை ரீஸ்டார்ட் கேட்கும். நீங்கள் ரீஸ்டார்ட் செய்வீர்கள். மெஷின் எழுந்து வரும்போது கேமும் இருக்காது, ஆன்டி-சீட்டும் இருக்காது. மறுபடி இன்ஸ்டால், மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி காலி. இது புரியாமல் ஒரு முழு மதியத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். (சரி, நான்தான்.) லேப் பொறுப்பாளரிடம் சொல்லி அந்தப் பழைய நிலைக்குத் திருப்பும் பூட்டைத் திறந்து, எல்லாம் போட்டு முடித்து, மறுபடி பூட்டச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11 மெஷினில் வேன்கார்டுக்கு டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆனில் இருக்க வேண்டும். அது மெஷினின் அடிப்படை செட்டிங்ஸான பயாஸில் இருக்கும், பயாஸுக்கு பாஸ்வேர்டு இருக்கும், அந்த பாஸ்வேர்டு தெரிந்தவர் அன்றைக்கு லீவில் இருப்பார்.

அடுத்தது ஃபயர்வால். பாடத்துக்கான நெட்வொர்க்கில் கேம் சர்வர்களை அடைத்து வைத்திருப்பது சகஜம். லாகின் திரை வந்துவிட்டதே என்று திருப்திப்படாதீர்கள், ஒரு முழு மேட்ச் ஆடிப் பாருங்கள். லாகினுக்குத் திறந்திருக்கும் வழி வேறு, மேட்ச் ஓடும் வழி வேறு.

டேட்டா கணக்கில் எல்லோரும் தப்புப் பண்ணுகிறார்கள். கேம் ஆடும்போது போகிற டேட்டா ரொம்பக் கொஞ்சம், ஒரு மெஷினுக்கு ஒரு எம்.பி.பி.எஸ்.கூடத் தேவைப்படாது. ஆளை அடிப்பது அப்டேட். போட்டிக்கு முந்தின இரவு ஒரு பெரிய பேட்ச் வந்து, இருபது மெஷினும் ஒரே நேரத்தில் பத்து இருபது ஜி.பி.யை இழுக்க ஆரம்பித்தால் அன்றைய நிகழ்ச்சி முடிந்தது. ஒரு மெஷினில் இறக்கி மற்றதற்கு நகலெடுங்கள். ஸ்டீம் என்ற கேம் தளத்தில் ஒரே நெட்வொர்க்கிலுள்ள இன்னொரு மெஷினிலிருந்து எடுத்துக்கொள்ளும் வசதி 2023 முதல் இருக்கிறது.

கடைசியாக மின்சாரம். 230 வோல்ட் லைனில் 16 ஆம்பியர் சர்க்யூட் என்றால் 3,680 வாட். நீண்ட நேரம் ஓடும் லோடு அதில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது, அதாவது ஏறக்குறைய 2,900. நல்ல கேமிங் மெஷினும் மானிட்டரும் சேர்ந்து 500 வாட் இழுக்கிறது என்று வைத்தால் ஒரு சர்க்யூட்டுக்கு ஐந்து மெஷின்தான். 120 வோல்ட், 15 ஆம்பியர் ஊர்களில் இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். லேப் மெஷின்கள் இவ்வளவு இழுக்காது, ஆனால் மாணவர்கள் அறையிலிருந்து தூக்கி வருகிற மெஷின்கள் இழுக்கும். எந்த பிளக் எந்த சர்க்யூட்டில் இருக்கிறது என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, சுவரில் டேப் ஒட்டி எண் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகுகிறவரைக் கண்டால் அன்போடு வெளியே அனுப்புங்கள். எங்கள் அரையிறுதியில் 12-11 என்று இருக்கும்போது யாரோ ஒரு டேபிள் ஃபேனைச் சொருகினார். அந்தப் பக்க வரிசை முழுவதும் இருட்டு. ஆன்லைன் மேட்ச் நமக்காகக் காத்திருக்குமா?

கேள்வி: நேரில் நடத்த வைஃபை போதுமா?
– ஒரு வாசகர்

போதாது. கேபிள் இழுங்கள். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், எந்த அறைக்கும் அது தாராளம். தரையில் போகும் இடமெல்லாம் டேப் ஒட்டுங்கள், யாராவது காலில் மாட்டிக்கொண்டு இழுத்தால் ஆளும் விழுவார், நெட்வொர்க் ஸ்விட்சும் விழும்.

மொபைல் கேமுக்கு வேறு வழியில்லை என்றால், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல் மொத்தமே மூன்றுதான் என்பதை நினைவில் வையுங்கள். நாற்பது போனை அதில் ஏற்றினால் சந்தைக்கூச்சல். ஆடுகிறவர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸில் தனி நெட்வொர்க் போட்டு, பாஸ்வேர்டை வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிடுவீர்கள், தெரியும். அதனால் ஒவ்வொரு ரவுண்டுக்கும் மாற்றுங்கள்.

கேள்வி: 32 பேர், 8 செட்டப் (ஒரு கன்சோலும் டிவியும் சேர்ந்தது), ஃபைட்டிங் கேம். டபுள் எலிமினேஷன் (இரண்டு தடவை தோற்றால்தான் வெளியே) வைத்தால் எத்தனை மணி நேரமாகும்? போன தடவை ராத்திரி வாட்ச்மேன் வந்து விரட்டிவிட்டார்.
– கிளப் செயலாளர்

வாட்ச்மேன் மேல் தப்பில்லை. நீங்கள் போட்ட கணக்கை ஊகிக்க முடிகிறது: டபுள் எலிமினேஷனில் 32 பேருக்கு 62 அல்லது 63 செட், ஒரு செட் கால் மணி, 8 செட்டப், ஆக இரண்டு மணி நேரம். இந்தக் கணக்கு ஏன் பொய்த்தது என்றால், எல்லாச் செட்டும் ஒரே நேரத்தில் ஓடாது. முதல் சில ரவுண்டுகளில் எட்டு செட்டப்பும் நிரம்பி வழியும். கடைசி எட்டுப் பேர் ஆனபின் தோற்றவர் பக்கத்து ஆட்டம் (ஏற்கெனவே ஒருமுறை தோற்றவர்கள் மோதுவது) ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. கடைசியில் ஒரே ஒரு டிவியில் ஆட்டம், ஏழு டிவி சும்மா. வரிசையாக எண்ணினால் ஏறக்குறைய 14 முறை மாற்றி மாற்றி உட்கார வைக்க வேண்டியிருக்கும். கால் மணி நேரம் என்றால் மூன்றரை மணி, ஆளைத் தேடிப் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்து இருபது நிமிடம் என்றால் ஏறக்குறைய நாலே முக்கால் மணி. பத்தாவது செட்டப் கொண்டுவந்தாலும் அந்தக் கடைசிப் பகுதி குறையாது.

குறைய வேண்டியது ஆளைத் தேடும் நேரம். செக்-இன் முடியும் மணியைச் சொன்னால் சொன்னதுதான், அதன்பிறகுதான் பிராக்கெட்டை (யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணையை) வெளியிட வேண்டும். முன்னாலேயே வெளியிட்டால் வராத மூன்று பேருக்காக எல்லாவற்றையும் கலைத்துப் போட வேண்டிவரும், எதிராளி மாறியவர்கள் சண்டைக்கு வருவார்கள். பெயர் கூப்பிட்டுப் பத்து நிமிடத்தில் வரவில்லை என்றால் அந்தச் செட் போச்சு. நண்பனாக இருந்தாலும் போச்சு. முதல் தடவை ஒருவரை இப்படி வெளியேற்றும்போது கஷ்டமாக இருக்கும், அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். பிராக்கெட்டைப் பார்த்துக்கொள்ள ஸ்டார்ட்.ஜிஜி, சலாஞ்ச் (Challonge) இரண்டுமே நல்ல தளங்கள். தினமும் சேர்ந்தே ஆடும் அறைத்தோழர்கள் இருவரை முதல் ரவுண்டிலேயே மோதவிடாமல் பெயர்களை வரிசைப்படுத்துங்கள் (இதற்குப் பெயர் சீடிங்). இன்னொன்று, போட்டியை நடத்துகிறவர் அதில் ஆடக்கூடாது. இதை எந்த அமைப்பாளரும் முதல் வருஷம் கேட்பதில்லை, நான் உட்பட.

இன்னொரு கணக்கும் பாருங்கள். சிங்கிள் எலிமினேஷனில் 32 பேரில் 16 பேர் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்கு. டபுளில்கூட 8 பேர் ஒரு வெற்றியும் பார்க்காமல் இரண்டு தோல்வியோடு போவார்கள். இதற்காகத்தான் அணி கேம்களுக்கு ஸ்விஸ் முறையைச் சிபாரிசு செய்கிறேன். 1895-ல் ஜூரிச்சில் ஒரு சதுரங்கப் போட்டிக்காக வந்த முறை இது: ஒரே அளவு வெற்றி பெற்றவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டே போவார்கள். மூன்று வெற்றியில் மேலே, மூன்று தோல்வியில் வெளியே என்று வைத்தால் 16 அணிக்கு 33 மேட்ச், அதிகபட்சம் ஐந்து ரவுண்டு. யாருக்கும் மூன்று ஆட்டத்துக்குக் குறையாது, தோற்கத் தோற்க நம் தரத்தில் இருக்கும் எதிராளியே கிடைப்பார்.

கேள்வி: ஆறு மாதம் பயிற்சி எடுத்து முதல் டோர்னமென்டுக்குப் போனேன். இரண்டு செட்டும் தோற்று அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். என்னோடு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பப் போகவே கூச்சமாக இருக்கிறது.
– முதலாமாண்டு மாணவர்

மேலே சொன்ன அந்த எட்டுப் பேரில் ஒருவர் நீங்கள். இந்தக் கடிதத்தை அமைப்பாளர்கள் எல்லோரும் இரண்டு தடவை படிக்க வேண்டும்.

உங்களுக்குச் சொல்வது கொஞ்சம்தான்: அடுத்த தடவை போங்கள், உங்களைத் தோற்கடித்தவரிடம் "நான் எங்கே மாட்டினேன்?" என்று கேளுங்கள். ஃபைட்டிங் கேம் ஆடுகிறவர்கள் முறைத்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள், இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் அரை மணி நேரம் விடமாட்டார்கள்.

அமைப்பாளர்களுக்குத்தான் நிறைய. எட்டு செட்டப் இருந்தால் இரண்டைப் பிராக்கெட்டுக்கு வெளியே சும்மா ஆட ஒதுக்குங்கள். முதலில் வெளியேறியவர்களுக்கு உடனே ஒரு குட்டி பிராக்கெட் தொடங்குங்கள். வாசலில் பெயர் எழுதுகிறவரிடம், "முதல் தடவை வருகிறீர்களா?" என்று எல்லோரையும் கேட்கச் சொல்லுங்கள். ஆம் என்றவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. தோற்று வெளியே வரும்போது அந்தப் புள்ளிக்காரரிடம் போய்ப் பேச உங்களில் ஒருவர் இருக்க வேண்டும், அன்று அவருக்கு வேறு வேலை தரக்கூடாது. எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கு வைத்துப் பெருமைப்படாதீர்கள். புள்ளி போட்டவர்களில் எத்தனை பேர் அடுத்த வாரம் வந்தார்கள் என்று எண்ணுங்கள். நான் நடத்திய காலத்தில் இந்தக் கணக்கை மூன்றாம் வருஷம்தான் எடுத்தேன். முதல் இரண்டு வருஷம் எடுத்திருந்தால் வெட்கமாகத்தான் இருந்திருக்கும்.

கேள்வி: இறுதிச் சுற்றில் திடீரென்று ஆட்டம் பாஸ் (pause) ஆகி நின்றுவிட்டது. ஆடிய இருவரும் தொடவில்லை என்கிறார்கள். மோசடியா?
– ஒரு நடுவர்

மோசடி இல்லை, ப்ளூடூத். முந்தைய செட்டில் ஆடியவர் தன் கன்ட்ரோலரை அந்தக் கன்சோலிலிருந்து பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார். பின் வரிசையில் உட்கார்ந்து பையைத் துழாவும்போது பட்டன் அழுந்தியிருக்கும், மேடையில் ஆட்டம் நின்றிருக்கும். எழுந்து போகுமுன் கன்ட்ரோலரைப் பிரித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒவ்வொரு டிவியிலும் சீட்டு ஒட்டுங்கள். ஒயர் கன்ட்ரோலர் மட்டும் என்று விதி போட்டால் இன்னும் நிம்மதி.

ஆடுகிறவரே பாஸ் பட்டனை அழுத்திவிட்டால், எதிராளி விட்டுக்கொடுத்தாலொழிய அந்த ரவுண்டு போச்சு என்பதுதான் பரவலாக இருக்கும் வழக்கம். இதையெல்லாம் முன்பே எழுதி வையுங்கள். சம்பவம் நடந்தபிறகு செய்கிற விதி எதுவாக இருந்தாலும், பாதிக் கூட்டத்துக்கு அது ஓரவஞ்சனையாகத்தான் தெரியும்.

டிவி என்றதும் ஞாபகம் வருகிறது. டிவியில் கேம் மோடு ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் நமக்குத் தெரியாது, ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி செகண்டு என்று விரலால் எண்ணி ஆடுகிறவருக்குத் தெரியும். 2001-ல் வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலேயை ஆடுகிறவர்கள் இன்றும் பழைய குண்டு டிவியைக் கட்டிக்கொண்டு அழுவது இந்தத் தாமதத்துக்குப் பயந்துதான்.

கேள்வி: எங்கள் கிளப்பில் 60 பேர், பெண்கள் இரண்டே பேர். "எல்லோரும் வரலாம்" என்றுதான் போஸ்டரில் போடுகிறோம். ஏன் வருவதில்லை?
– கிளப் தலைவர்

அந்த இரண்டு பேரைக் கேட்டீர்களா? என்னைக் கேட்பதற்கு முன் அதைச் செய்திருக்கலாம்.

எனக்கு வந்த இன்னொரு கடிதத்திலிருந்து சொல்கிறேன், எழுதியவர் ஒரு மாணவி, உங்கள் கல்லூரி இல்லை. முதல் நாள் போனபோது, யாருடைய தோழி என்று கேட்டார்களாம். ஆட உட்கார்ந்ததும் பின்னால் நாலு பேர் நின்று, எந்த பட்டன் அழுத்த வேண்டும் என்று சொல்லித் தந்தார்களாம். ஜெயித்ததும், தோற்றவனை மற்றவர்கள் "பொண்ணுகிட்ட தோத்துட்டியே" என்று ஓட்டினார்களாம். யாரும் அவரைத் திட்டவில்லை, கவனியுங்கள். எல்லோரும் தாங்கள் நன்றாக நடந்துகொண்டதாகத்தான் நினைத்திருப்பார்கள். அவர் இரண்டாம் நாள் போகவில்லை.

போஸ்டர் இதைச் சரிசெய்யாது. நடத்தை விதி ஒன்று வேண்டும், ஒரு பக்கம், மூன்று படி: எச்சரிக்கை, அன்றைக்கு வெளியே, நிரந்தரமாக வெளியே. புகார் வாங்க இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். முக்கியமாக, கிளப்பிலேயே நன்றாக ஆடுகிறவன் தப்புச் செய்யும்போது அந்த விதி அவன்மேல் பாய வேண்டும். ஒருமுறை பாய்ந்தால் போதும், செய்தி பரவிவிடும். பாயவில்லை என்றால் அந்தச் செய்தி அதைவிட வேகமாகப் பரவும். அமைப்புக் குழுவில் பெண்கள் இருக்கட்டும், வரவேற்பு மேஜையில் மட்டும் உட்கார வைக்காமல், மைக்கிலும் பிராக்கெட்டிலும்.

கேள்வி: பெரிய பரிசுத்தொகை வைத்தால் கூட்டம் வருமே?
– ஸ்பான்சர் தேடுபவர்

வரும், பணத்துக்காக வரும். வெளியிலிருந்து நாலு கில்லாடிகள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள், உங்கள் ஆட்கள் கை தட்டுவார்கள். பணம் இருந்தால் கேபிள், அடாப்டர், நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்குங்கள். நுழைவுக் கட்டணத்தைத் திரட்டி வென்றவருக்கே கொடுப்பதைச் சில நாடுகளின் சட்டம் சூதாட்டமாகப் பார்க்கும், அதைக் கல்லூரியில் விவரம் தெரிந்தவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். கேம் கம்பெனிகளுக்கும் விதிகள் உண்டு. நின்டெண்டோ 2023 நவம்பரில் கொண்டுவந்த நெறிமுறைப்படி, தனி உரிமம் இல்லாமல் நேரில் நடத்தும் சமூகப் போட்டியில் 200 பேருக்கு மேல் கலந்துகொள்ளக் கூடாது, லாப நோக்கமும் கூடாது. மற்ற கம்பெனிகளும் இப்படி ஒரு பக்கம் போட்டிருப்பார்கள், ஸ்பான்சர் பெயரைப் போஸ்டரில் அச்சடிப்பதற்கு முன் தேடிப் படியுங்கள்.

கேள்வி: ஸ்ட்ரீம் செய்ய என்ன கேமரா வாங்கலாம்?
– கண்ணில் கனவோடு ஒருவர்

முதலில் மைக் வாங்குங்கள். படம் சுமாராக இருந்தால் பார்ப்பார்கள், குரல் கரகரத்தால் ஓடிவிடுவார்கள். ஸ்ட்ரீம் செய்யும் சாஃப்ட்வேரான ஓ.பி.எஸ். இலவசம்தான். ஸ்ட்ரீம் செய்யும் மெஷினில் யாரையும் ஆட விடாதீர்கள். ஐந்து பேர் பார்க்கிற ஸ்ட்ரீமுக்காக, ஐம்பது பேர் இருக்கிற அறையைக் காத்திருக்க வைக்கவும் வேண்டாம்.

கேள்வி: நாங்கள் ஆரம்பித்த கிளப் இது. இந்த வருஷத்தோடு எங்கள் படிப்பு முடிகிறது. நாங்கள் போனதும் கிளப் படுத்துவிடும் என்று பயமாக இருக்கிறது அண்ணா.
– இறுதியாண்டு நண்பர்கள் மூவர்

பயம் நியாயம்தான். கல்லூரிக் கிளப்புக்கு ஆயுசு ஆரம்பித்தவர்களின் ஆயுசுதான், நீங்கள் ஏதாவது செய்தாலொழிய. 2010-ல் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர்களின் சாதாரண கிளப்பாகத் தொடங்கிய டெஸ்பா, பின்னால் பல கல்லூரிகளை இணைக்கும் அமைப்பாக வளர்ந்தது. அங்கேயும் யாரோ ஒருவர் இன்னொருவரிடம் சாவியைக் கொடுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது.

கடைசி மாதத்தில் கொடுக்காதீர்கள், கடைசிப் பருவம் தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள். இரண்டாமாண்டு ஆட்கள் நடத்தட்டும், நீங்கள் பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருங்கள். சொதப்புவார்கள். பிராக்கெட்டில் ஒரு பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டு உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள், நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருங்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது என்றால், நன்றாக ஆடுகிறவரை வேண்டாம். ஆட்டம் முடிந்தபிறகும் நாற்காலி அடுக்க நிற்கிறவர் யார் என்று பாருங்கள்.

டிஸ்கார்ட் சர்வர், மெயில், பிராக்கெட் தளம் எல்லாம் உங்களில் ஒருவருடைய சொந்தக் கணக்கில்தானே இருக்கிறது? இன்றைக்கே கிளப் பெயரில் ஒரு மெயில் திறந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். அப்புறம் ஒரு நோட்டு. லேப் பொறுப்பாளரை எந்த நேரத்தில் போய்ப் பார்த்தால் நல்ல மூடில் இருப்பார், எந்த பிளக் எந்த சர்க்யூட், பூட்டைத் திறக்க எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பெட்டியிலுள்ள பன்னிரண்டு கேபிளில் நீல டேப் ஒட்டிய இரண்டு ஏன் வேலை செய்யாது, ஆனாலும் ஏன் யாரும் தூக்கிப் போடவில்லை, ஏழாம் நம்பர் மெஷினின் ஹெட்போன் ஜாக்கை எந்தப் பக்கம் லேசாகச் சாய்த்தால் இரண்டு காதிலும் கேட்கும். எல்லாவற்றையும் எழுதுங்கள்.